பதிமூணாவது முதல் வரி

வேண்டாங்ணா, வாயத் தொறக்காதீங்க. நர்ஸம்மா உங்ககிட்டச் சொன்னதை நானும் கேட்டனுங்க. அரை மணி நேரம் பஞ்சைக் கடிச்சுட்டே உக்காரோணும், பேசக்கூடாது, துப்பக்கூடாது. கடவாப்பல்லுங்களா? கீழ்ப்பக்கமா? தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். சரி, அப்ப நாம பேசிட்டிருக்கலாம். அதாவது நான் பேசறேன்.

நான் ரெப்புங்க, மெடிக்கல் ரெப். பையையும் டையையும் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். பேரு பூபதிராஜ். ஈரோடு, பவானி, கோபி, பெருந்துறை, இவ்வளவும் நம்ம ஏரியா. இந்தப் பல் டாக்டர் பேஷன்ட்டெல்லாம் முடிஞ்சாத்தான் ரெப்பைக் கூப்புடுவாரு. இன்னும் மூணு பேர் இருக்காங்க, எண்ணிட்டேன். நம்மது காஸ் மாத்திரைங்க. வலிக்கு மாத்திரை எழுதறப்ப வயிறு கெடக்கூடாதுன்னு கூடவே ஒண்ணு எழுதுவாங்கல்ல, அதுதான். எங்க, உங்க சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க.

அட. இது நம்மது இல்லீங்க, அவனோடது. அதா, அந்த மூலைல நீலச்சட்டை போட்டுட்டு போனைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கறான் பாருங்க, ஜெகதீசன், அவன் கம்பெனிது. பரவால்லைங்க, சாப்பிடுங்க. நான் ஒண்ணும் சொல்லலை. கல்லைத் தின்னாலும் செரிக்கற வயிறா இருந்தா எந்த மாத்திரையும் நல்ல மாத்திரைதான்.

அவன் யாருகிட்டச் சிரிக்கறான்னு நெனைக்கறீங்க? பொண்டாட்டிங்க. ஆவணில கல்யாணம் ஆச்சு. இந்த டேட்டிங் ஆப்னு இருக்குதுல்ல, போட்டோவை இந்தப் பக்கம் தள்ளுனா வேண்டாம், அந்தப் பக்கம் தள்ளுனா புடிச்சிருக்குது, ரெண்டு பேருக்கும் புடிச்சிருந்தாப் பேசிக்கலாம், அதுல கெடச்ச பொண்ணு. அவன் அந்தப் பொண்ணுக்கு அனுப்புன மொத மெசேஜ் என்னன்னு தெரியுங்களா? நானே கேட்டேன். கூச்சமில்லாமச் சொல்றான், "சாப்டீங்களா?"

சாப்டீங்களா. அவ்வளவுதாங்க. அதுவும் காலைல பதினொண்ணே காலுக்கு. பதினொண்ணே காலுக்கு மனுசன் என்னத்தைச் சாப்புடுவான், டிபனும் இல்லை, சாப்பாடும் இல்லை. அதுக்கு அந்தப் பொண்ணு, இல்லைங்க, இன்னைக்கு வெரதம்னு பதில் போட்டிருக்குது. இவன் எதுக்கு வெரதம்னு கேட்டிருக்கறான். அது என்னமோ சொல்லியிருக்குது. இவன் அதுல இருந்து இன்னொண்ணு கேட்டிருக்கறான். இப்படியே கேட்டுக் கேட்டு, மண்டபத்துல போய் நின்னிருக்குது. இதுல என்னங்க தெறமை இருக்குது? எனக்கு அன்னைக்குக் கல்யாணச் சாப்பாடே எறங்கலை.

பொறாமையெல்லாம் இல்லீங்க. தொழில் தெரிஞ்சவனுக்கு ஒரு வருத்தம் இருக்குமில்ல, அதுதான். ஏன்னா மொத லைன்ங்கறதே நம்ம தொழிலுங்க. டாக்டர் நமக்குக் குடுக்கறது நாப்பது செகண்டு. அவரு குனிஞ்சு எழுதிட்டே இருப்பாரு. நாம சொல்ற மொத லைன்ல அவரு தலை நிமிரோணும். நிமிந்துட்டாருன்னா பாதி வேலை முடிஞ்சுது. நிமிரலையா, பேனாவும் பேடும் குடுத்துட்டு வெளிய வந்தற வேண்டியதுதான். இதுக்குன்னே எங்களைச் சென்னைக்குக் கூப்புட்டு ஆறு நாள் பயிற்சி குடுத்தாங்க. போன வருசம் நம்ம ரீஜன்லயே மொத லைனுக்கு எனக்குத்தான் கப்பு. வீட்டுல பிரிட்ஜ் மேல இருக்குது. அம்மா அதுல பழைய சாவியெல்லாம் போட்டு வெச்சிருக்கறாங்க.

அப்பேர்ப்பட்டவன் ரெண்டு வருசமா அந்த ஆப்ல இருக்கறனுங்க. வயசு முப்பத்தி நாலாச்சு. வீட்டுல ஜாதகத்தைக் கைல எடுத்து ஆறு வருசம். சரி, நம்ம தெறமைய நாமளே நம்புவோம்னு எறங்குனேன். எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு ஒருக்கா அது போனைக் காட்டுச்சுங்க, பசங்க என்ன அனுப்பறாங்கன்னு. பாத்தா ஹாய். அதுக்குக் கீழ ஹாய். அப்பறம் ஹாய்ங்க. ஹலோ மேடம். ஒருத்தன் கையெடுத்துக் கும்புடற பொம்மை. ஒருத்தன் ரோஜாப்பூ. ஒருத்தன் எதுவுமே எழுதாம அவன் புல்லட்டு போட்டோவை மட்டும் அனுப்பியிருக்கறான், கல்யாணம் அவனுக்கா வண்டிக்கான்னு தெரியலை. இன்னொருத்தன், நீங்க ரொம்ப அழகா இருக்கீங்கன்னு. ஏனுங்ணா, அது அவங்களுக்குத் தெரியாதா? வீட்டுல கண்ணாடி இல்லையா?

நான் அப்படியில்லை. ரூல் வெச்சேன். ரூல் நம்பர் ஒண்ணு, போட்டோவை நல்லாப் பாரு. அதுல இருக்கற ஒரு பொருளைப் புடி. ரூல் ரெண்டு, அதை வெச்சு ஒரு கேள்வி, அதுக்குள்ள ஒரு சிரிப்பு. ரூல் மூணு, பதினஞ்சு வார்த்தைக்கு மேல போகக்கூடாது. ஏற்காட்டுல நாயோட நிக்கற பொண்ணுக்கு, 'நாயோட பேரு என்னங்க? உங்க பேரை அப்பறமாக் கேட்டுக்கறேன்.' பரோட்டாவைக் கைல புடிச்சுட்டிருக்கற பொண்ணுக்கு, 'சால்னா யாருக்காகக் காத்துட்டிருக்குது?' இப்படி. எல்லாத்தையும் டாக்டருக்கு எழுதற மாதிரியே டைரில எழுதி வெச்சிருக்கறனுங்க. பேரு, ஊரு, போட்ட லைன், ரெஸ்பான்ஸ், அடுத்த விசிட் எப்போ. நாப்பத்தியேழு பேருக்குப் போட்டதுல பத்தொம்பது பேரு பதில் சொன்னாங்க. ஜெகதீசனுக்கு வாழ்நாள்லயே மூணு பேருதான் பதில் போட்டிருக்காங்க, கேட்டுப் பாருங்க.

ஆனா ஒரு சங்கடமுங்க. பதில் போடறாங்க, அதுக்கு மேல அவங்களுக்குப் பேசத் தெரியறதில்லை. நாயோட பேரு மணின்னு அந்தப் பொண்ணு பதில் போட்டுச்சு. சரி, மணி. அதுக்கு மேல நான் என்ன பண்றது? மணி சௌக்கியமான்னு கேக்கறதா? ஒடனே அதை விட நல்ல லைனா இன்னொண்ணு எடுத்துப் போட்டேன். பதிலே இல்லை. பத்தொம்பது பேரும் இப்படித்தான். ஒண்ணுக்கு ரெண்டா நல்ல லைன் போட்டாலும் நாலாவது நாள் காணாமப் போயிர்றாங்க. ரசனை வேணுமுங்க எதுக்கும். சாப்டீங்களான்னு கேட்டா மணிக்கணக்குல பேசறாங்க.

ஒருத்தரைத் தவிர. கோகிலவாணி. நாமக்கல்.

அவங்களைப் பத்திச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தனுங்க. கோழித்தீவனம் பரிசோதனை பண்ற லேப்ல வேலை. வெள்ளைக் கோட்டுப் போட்டு, கைல தீவனத்தை அள்ளி வெச்சுட்டுச் சிரிச்சுட்டு நிக்கற போட்டோ. அதுக்குக் கீழ எழுதியிருந்தாங்க, 'தினமும் நாப்பது சாம்பிள் கோழித்தீவனம் சோதிக்கிறேன். இதுவரை ஒரு கோழிகூட நன்றி சொன்னதில்லை.' படிச்சதும் எனக்குப் புரிஞ்சு போச்சுங்க, இது நம்ம ஆளு. அரை நாள் யோசிச்சுப் போட்டேன்: 'நாமக்கல் கோழிகள் சார்பா நன்றி. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்னு சொல்லச் சொன்னாங்க.'

நாலு நிமிசத்துல பதில். "எந்தக் கோழி சொன்னது? பேரைச் சொல்லுங்க, விசாரணை வெக்கிறேன்."

பவானில ஒரு டாக்டர் வாசல்ல நின்னுட்டிருந்தனுங்க அப்ப. சத்தமாச் சிரிச்சுட்டேன். காய்ச்சல்ல வந்த கொழந்தையெல்லாம் திரும்பிப் பாக்குது. அந்த டாக்டர்கிட்ட அன்னைக்கு மாத்திரை பேரையே மாத்திச் சொல்லிட்டேன்னா பாத்துக்கங்களேன்.

அதுக்கப்பறம் ஒரு மாசம் தெனமும் பேச்சுங்க. ஆப்ல இருந்து வாட்ஸப்புக்கு அவங்களேதான் வந்தாங்க. ஒரே ஒரு கொறைதான், எதையாவது கேட்டுட்டே இருப்பாங்க. இந்த வெயில்ல எதுக்கு டை கட்டறீங்க? மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க? டாக்டர் பாக்காமயே அனுப்பிச்சுட்டா மனசு கஷ்டமா இருக்காதா? இதுக்கெல்லாம் நேராப் பதில் சொன்னா என்னங்க சுவாரசியம்? நான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு லைன் வெச்சிருப்பேன். ஒரு நாள், 'நீங்க எப்பவும் இப்படி ஜோக்காவே பேசுவீங்களா?'ன்னு கேட்டாங்க. டைரில அதை அப்படியே எழுதி வெச்சிருக்கறேன். இந்த மாதிரிப் பாராட்டு நமக்கு டாக்டருங்ககிட்டக்கூடக் கெடைச்சதில்லை.

ஒருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. அம்பத்திரெண்டு செகண்டு. அவங்கப்பாவைப் பத்தி என்னமோ. அவரு முப்பது வருசம் முட்டை லாரி ஓட்டுனவராம். நாமக்கல்ல ஏத்தி கேரளாவுக்கு. ரிட்டயர் ஆகி வருசமாச்சு, இன்னைக்கும் டவுன் பஸ்ல பின்னால சீட்டுல உக்காந்திருந்தாக்கூட, ஸ்பீட் பிரேக்கரு வந்தா இவரு வலது காலை அமுக்குவாராம். முட்டை ஒடைஞ்சுரும்னு. அதைச் சொல்லி அவங்க சிரிக்கறாங்க பாருங்க, கடைசில ஒரு நாலு செகண்டு. நான் ஒடனே போட்டேன், 'அப்ப உங்க வீட்டு ஆம்லெட்டுக்கு லைசென்ஸ் உண்டுங்களா?'

அந்த வாய்ஸ் மெசேஜை நான் அழிக்கலீங்க. போன்ல எடம் இல்லைன்னு கத்துச்சு, கம்பெனி அனுப்புன பயிற்சி வீடியோவையெல்லாம் அழிச்சேன், அதைத் தொடலை. அதுவும் போக, அவங்க வந்ததுக்கப்பறம் நான் வேற யாருக்குமே லைன் போடலை. டைரி அப்படியே கெடக்குது. முட்டை லாரி போச்சுன்னா வண்டியை ஓரங்கட்டிப் பாக்கறனுங்க. எனக்கு முட்டையே ஆகாது, வாசம் பட்டாலே கொமட்டும். இருந்தாலும் பாக்கறேன். புடிச்சிருக்குதுங்க. அதை மறைக்கறதுக்கு என்ன இருக்குது, வாயில பஞ்சு வெச்சிருக்கறவருகிட்ட.

சரி, எங்க கெட்டுது? அதைச் சொல்றேன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க.

ஐப்பசில அவங்கப்பாவுக்குச் சேலத்துல ஒரு ஆபரேசன். பித்தப்பையில கல்லு. மொத நாள் மெசேஜ் போட்டாங்க, 'நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன். கொஞ்சம் பயமா இருக்குங்க.' பயத்துல இருக்கறவங்களை நாமதானுங்களே சிரிக்க வெக்கோணும்? போட்டேன், 'எடுக்கற கல்லைத் தூக்கிப் போட்றாதீங்க, வீடு கட்டறப்ப ஆகும்.' சிரிக்கற பொம்மை ஒண்ணு வந்துச்சு. எப்பவும் மூணு போடுவாங்க. அன்னைக்கு ஒண்ணுதான். அலைச்சல்ல இருந்திருப்பாங்க.

ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நாலு நாள் கழிச்சு மத்தியானம் ஒரு போட்டோ வருது. மூணு மாத்திரை அட்டை. கீழ, 'அப்பாவுக்கு ரெண்டு நாளா ஒரே தலைசுத்தல். டாக்டர் போன் எடுக்கலை. நீங்க இந்த லைன்ல இருக்கீங்களே, என்ன பண்ணட்டும்?' நான் அட்டையைப் பெருசு பண்ணிப் பாக்கறேன். மூணாவது அட்டை காஸ் மாத்திரை. யாரோடதுங்கறீங்க?

அவனோடதுங்க. ஜெகதீசனோடது.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. சேலத்துல ஆபரேசன், நாமக்கல்ல பேஷன்ட்டு, நான் மனசுல வெச்சிருக்கற பொண்ணு, அவங்க வீட்டு அலமாரிலயும் அவன் மாத்திரைதான் ஒக்காந்திருக்குது. ஏழு மெசேஜ் போட்டேன். அவன் அட்டை எப்படி, நம்ம அட்டை எப்படி, அவனுது எத்தனை மணி நேரம், நம்முது எத்தனை மணி நேரம். அதோட நம்ம மாத்திரையப் பத்தின பன்னெண்டு பக்கம் பிடிஎப், டாக்டருக்கு மட்டும் காட்டறது, அதையும் அனுப்பிச்சேன். கலர்ல. வேற எவன் அனுப்புவான்? 'சரிங்க. நன்றி'ன்னு போட்டாங்க. நன்றிங்க. கோழி சொல்லாத நன்றி, எனக்குச் சொன்னாங்க.

மறுநாள் ஒரு மெசேஜ். 'அப்பாவை மறுபடியும் அட்மிட் பண்ணியிருக்கோம். ஐசியூ.' நான் ஒடனே, ஒடனேங்க, ஒரு நிமிசம்கூடத் தாமசம் பண்ணலை, 'எந்த ஆஸ்பத்திரி? அங்க பர்ச்சேஸ்ல ஆளைப் புடிச்சு நம்ம மாத்திரைய எழுதச் சொல்லட்டுங்களா?'ன்னு கேட்டேன். இதை விட ஒருத்தன் என்னங்க உதவி பண்ணுவான்?

நீலக் கோடு விழுந்துச்சு. படிச்சாச்சு. பதில் இல்லை.

அன்னைக்கோட சரி. நாப்பத்தியோரு நாளாச்சு. ஒரு வார்த்தை இல்லீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லோணும். கோழிக்கு விசாரணை வெக்கறவங்க எனக்கு ஒரு விசாரணை வெக்கலாமில்ல? சும்மாவே பெரிய எடத்துப் பொண்ணு மாதிரி மௌனம். லேப்ல வேலை பாக்கற திமிருங்க, வேற என்ன.

ஆனா நான் விடறவன் இல்லை. தொழில்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. டாக்டர் ஒருக்கா பாக்கலைன்னா மூணு நாள் கழிச்சு மறுபடியும் போ, புதுசா ஒரு லைனோட போ. போனேன். மூணு நாளைக்கு ஒண்ணு, நாலு நாளைக்கு ஒண்ணு. இதுவரைக்கும் பன்னெண்டு. ஒவ்வொண்ணும் மொத லைன் மாதிரியே, புத்தம் புதுசா. 'கோழிங்க ஸ்ட்ரைக்குன்னு கேள்விப்பட்டேன், பேச்சுவார்த்தைக்கு வரலாங்களா?' அது ஒண்ணு. 'உங்க மௌனத்தை லேப்ல குடுத்து சோதிச்சேன், உப்பு அதிகம்னு வந்திருக்குது.' அது ஒண்ணு. எனக்கே ஆச்சரியமா இருக்குமுங்க, எங்க இருந்துதான் வருதோன்னு. பன்னெண்டுக்கும் நீலக் கோடு. எல்லாத்தையும் படிக்கறாங்க. பிளாக்கும் பண்ணலை. அப்ப மனசுல ஏதோ இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?

நடுவுல போட்டோவை வேற மாத்திட்டாங்க. வெள்ளைக் கோட்டுல சிரிச்சுட்டிருந்த போட்டோவை எடுத்துட்டு, வெறும் வெளக்கு. எரியற வெளக்கு. கார்த்திகை பொறந்த வாரம் மாத்துனாங்க. சரி, கார்த்திகைக்கு எல்லாரும்தான் வெளக்கு வெக்கறாங்க. மாசம் முடிஞ்சு மார்கழியும் வந்துருச்சு, இன்னும் அதை எடுக்கலை. ரூல் நம்பர் ஒண்ணு என்னங்க? போட்டோவை நல்லாப் பாரு. போட்டேன், 'நாமக்கல்ல இன்னும் கரண்ட் வரலீங்களா? ஈபிக்கு நான் வேணா ஒரு போன் போடட்டுங்களா?' முந்தாநேத்துப் போட்டது. பன்னெண்டுலயே அதுதான் பெஸ்ட்டுன்னு நான் நெனைக்கறேன்.

ஏனுங்ணா? ஏன் அப்படிப் பாக்கறீங்க? வலிக்குதுங்களா? நர்ஸைக் கூப்புடட்டுங்களா? இல்லையா. சரி, பல்லு புடுங்குன வலி அப்படித்தான் விட்டு விட்டு வரும். அவன் மாத்திரையப் போட்டா இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்ப உங்ககிட்ட ஒரு உதவிங்க. பதிமூணாவது லைன் இன்னைக்கு அனுப்பறதா இருக்கறேன். ரெண்டு வெச்சிருக்கறேன், எதுன்னு முடிவு பண்ண முடியலை. ஒண்ணு, 'மார்கழில கோழி சீக்கிரம் கூவுது, நீங்க எப்பங்க கூவுவீங்க?' ரெண்டாவது, 'நானும் உங்க நாப்பது சாம்பிள்ல ஒருத்தன்தானுங்களா? ரிசல்ட்டைச் சொல்லிட்டாப் போயிர்றேன்.' ரெண்டாவதுல கொஞ்சம் சோகம் கலந்திருக்குது, அது வேலை செய்யும்னு ஒரு எண்ணம். வெரலைக் காட்டுங்க. ஒண்ணா, ரெண்டா?

காட்டுங்க, சும்மா.

என்ன, எழுதோணுமா? இந்தாங்க, பேனா நம்முதுதான். பேடும் நம்முது, மாத்திரை பேரு மேல போட்டிருக்கும், அதுக்குக் கீழ எழுதுங்க. நெறைய எழுதாதீங்க, பதினஞ்சு வார்த்தைக்குள்ள இருக்கட்டும். ரூலு.

குடுங்க.

'அவங்கப்பா இப்ப எப்படி இருக்கார்?'

இது லைனே இல்லீங்களே. தப்பா நெனைச்சுக்காதீங்க, இது ஜெகதீசன் டைப்பு. இதுல சிரிப்பு எங்க இருக்குது? ஒண்ணுமேயில்லையே இதுல, கேள்வி மட்டுந்தானே...

ஓ. என்னையுங்களா? என்னையக் கேக்கறீங்களா?

நல்லாத்தாங்க இருப்பாரு. பித்தப்பைக் கல்லுதானுங்க, அது ஒரு பெரிய விசயமில்லை. ஐசியூல ரெண்டு நாள் வெச்சுட்டு வார்டுக்கு மாத்தி அனுப்பிச்சிருப்பாங்க. அவங்க ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாத்தானுங்களே எனக்குத் தெரியும்.

நான் கேக்கலீங்க.

இல்லை, கேக்கக்கூடாதுன்னு இல்லை. கேக்கற மாதிரி வரலை. அன்னைக்கு ஐசியூன்னு சொன்னாங்க, நான் பர்ச்சேஸ்ல ஆள் இருக்குதுன்னு சொன்னேன். அதுக்கப்பறம் பன்னெண்டு தடவை எழுதியிருக்கறேன். இருங்க, மேல போய்ப் பாக்கறேன். இல்லை. இதுலயும் இல்லை. அதுக்கு முந்தி தலைசுத்தல்னு கேட்டிருக்காங்க, அதுக்குக் கீழ நம்ம பன்னெண்டு பக்கம். பதில் எங்கயோ சொல்லியிருப்பேன். வேற டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை. இல்லீங்க. எங்கயும் இல்லை.

எதைக் காட்டறீங்க? போட்டோவையா? வெளக்குங்க அது, சொன்னேனில்ல. சரி, பெருசு பண்றேன். இருங்க.

கார்த்திகை அகல் இல்லீங்க இது. காமாட்சி வெளக்கு. ஒத்தை வெளக்கு. பின்னால ஒரு போட்டோவோட கீழ் ஓரம் தெரியுது. மாலை தொங்குது, சம்பங்கி. சட்டையோட பை மட்டும் வந்திருக்குது, மொகம் வரலை. பைல ஒரு பேனா.

காக்கிச் சட்டைங்க.

லாரி ஓட்டுனவரில்லீங்களா.

நான் கரண்ட் இல்லையான்னு கேட்டிருக்கறனுங்க. முந்தாநேத்து. ஈபிக்குப் போன் போடட்டுமான்னு கேட்டிருக்கறேன். அவங்க படிச்சிருக்காங்க, காலைல ஒம்பதே முக்காலுக்கு. லேப்ல இருந்திருப்பாங்க. ஆரம்பத்துல போட்டது, கோழி ஸ்ட்ரைக்கு, அது என்னைக்குப் போட்டது... கார்த்திகை மொத வாரம். பதினாறாம் நாள்கூட ஆகியிருக்காதுங்க அப்ப. வீட்டுல ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உக்காந்திருப்பாங்க. நடுவுல போன் சத்தம் குடுத்திருக்கும். எடுத்துப் பாத்தா நான்.

பன்னெண்டையும் படிச்சுட்டு ஒரு வார்த்தை திட்டலீங்க. நான் அதை என்னென்னமோ நெனைச்சுட்டிருந்தேன்.

யாரு? நர்ஸம்மா, என்னையா? ரெப்பா? ஜெகதீசா, நீ போ. அட, போடா, நான் அப்பறமாப் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, நீ போ.

நான் மொத மொதல்ல விட்டுக் குடுத்ததைப் பாத்து அவன் எப்படி முழிச்சுட்டுப் போறான் பாருங்க. போகட்டும். அவனா இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பான். தலைசுத்தல் எப்படி இருக்குதுன்னு கேட்டிருப்பான், சாப்பிட்டாரான்னு கேட்டிருப்பான். பதினொண்ணே காலுக்கே கேட்டிருப்பான்.

'அப்பா'ன்னு அடிச்சிருக்கறனுங்க. பாருங்க, அது மட்டும்தான் இருக்குது. அதுக்கு அடுத்த வார்த்தை வரமாட்டேங்குது. எப்படி இருக்காருன்னு இனிமேக் கேக்க முடியாது. தெரியாதுன்னு சொல்றதா, தெரியாமப் போச்சேன்னு சொல்றதா, ஒண்ணும் புரியலை. நாப்பத்தியேழு பேருக்கு லைன் போட்டவன், இப்ப ஒத்தை வார்த்தைக்கு உக்காந்திருக்கறேன்.

உங்க பேருகூட நான் கேக்கலீங்ணா. பஞ்சை எடுக்க இன்னும் எத்தனை நிமிசம் இருக்குது? நாலுங்களா? மெதுவா எடுங்க, ரத்தம் நின்னுருச்சான்னு பாத்துட்டு எடுங்க. வலி இருந்தா வேண்டாம், பேடுலயே எழுதுங்க. எவ்வளவு நீளமா வேணும்னாலும் எழுதுங்க. நான் பேசாம உக்காந்திருக்கறேன்.